இன்னும் ஒரு கதவா, திரும்பிவிடலாமா: பழைய ஆர்பிஜிகளின் கடினம் ஏன் பிடிக்கிறது

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024இல் மெருகேற்றி மறுபடி வெளியிட்ட ‘விசார்ட்ரி’ என்ற பழைய ஆர்பிஜியை, அதாவது ஆட்களை உருவாக்கிப் படிப்படியாக வளர்த்து ஆடும் கணினி விளையாட்டை, வாங்கியிருக்கிறீர்கள். ஆறு பேரை உருவாக்கி, ஒவ்வொருவருக்கும் யோசித்துப் பெயர் வைத்து, நிலவறைக்குள் இறக்கியிருக்கிறீர்கள். கால் மணி நேரத்தில் ஆறு பேரும் காலி. இப்படி மூன்று முறை. “அந்தக் காலத்தில் இதை ரசித்துத்தான் ஆடினார்களா, இல்லை வேறு எதுவும் கிடைக்காததால் பொறுத்துக்கொண்டார்களா?” என்று கேட்கிறீர்கள்.

கொஞ்சம் இரண்டும்தான். வேறு கிடைக்காதது ஒரு காரணம் என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஆயிரம் விளையாட்டு கைக்கெட்டும் இந்தக் காலத்திலும் இதே மாதிரிப் பழைய ஆர்பிஜிகளைத் தேடிப் போய் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். அதனால் பொறுமைக் கதை மட்டும் போதாது.

முதலில் ஒரு குழப்பம். நம்மில் பலர் டிவி கேமில் கேசட் செருகி மாரியோவும் காண்ட்ராவும் ஆடி வளர்ந்தவர்கள். கடினம் என்றாலே விரல் வேகம் என்று மனதில் பதிந்துவிட்டது. குண்டு வருகிறது, குதிக்க வேண்டும், அரை நொடி தாமதித்தால் உயிர் போச்சு. அந்தக் கேசட்டுகளில் ஆர்பிஜி வந்து நான் பார்த்ததே இல்லை. கல்லூரிக் காலத்தில் கம்ப்யூட்டரில்தான் முதன்முதலாகப் பார்த்தேன், பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. திரையில் எதுவும் நகரவில்லை. ஒரு கதவு, ஒரு அரக்கன் படம், கீழே நாலு வரி எழுத்து. நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினாலும் அரக்கன் அங்கேயே நிற்பான். இதில் என்ன கடினம் இருக்க முடியும் என்று நினைத்தேன். அன்று இரவே பதில் கிடைத்தது.

உங்கள் விசார்ட்ரியையே எடுத்துக்கொள்வோம். 1981இல் ஆப்பிள் டூ கணினிக்கு வந்தது. எழுதியவர்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் என்ற இருவர். கடைசித் தளத்தில் உட்கார்ந்திருக்கும் வில்லனின் பெயர் வெர்ட்னா, அவனைக் கொல்லச் சொல்லும் மன்னனின் பெயர் டிரெபோர். ஆங்கிலத்தில் இரண்டையும் பின்னாலிருந்து படித்தால் ஆண்ட்ரூ, ராபர்ட். மொத்தம் பத்துத் தளம், ஒவ்வொன்றும் இருபதுக்கு இருபது கட்டம். இன்றைய கணக்கில் ஒன்றுமே இல்லை. அந்தச் சின்ன இடத்தில்தான் மாதக்கணக்கில் கிடந்தார்கள்.

முதல் லெவலில், அதாவது ஆள் இன்னும் வளராத கட்டத்தில், உங்கள் மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளி மூன்றோ நான்கோ இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் மந்திரம் போட முடியும். அவனுக்குத் தெரிந்த மந்திரங்களில் ஒன்று ‘கட்டினோ’, எதிரிக் கூட்டத்தைத் தூங்க வைப்பது. இந்த மந்திரம்தான் உங்கள் உயிர். தூங்குகிறவனை அடிப்பது சுலபம், விழித்திருக்கும் ஐந்து பேரிடம் அடி வாங்குவதும் சுலபம். ஆக, இரண்டு கட்டினோ என்றால் இரண்டு சண்டை. பூசாரிக்கும் காயம் ஆற்றும் மந்திரம் இரண்டே முறை.

இப்போது நிலவறைக்குள் நிற்கிறீர்கள். ஒரு சண்டை முடிந்தது, ஒரு கட்டினோ செலவு. முன்வரிசைப் போர்வீரனுக்குப் பாதி உயிர். எதிரே ஒரு கதவு. உள்ளே பெட்டி இருக்கலாம், இல்லை ஏழு பேர் இருக்கலாம். படிக்கட்டு பன்னிரண்டு கட்டம் பின்னால் இருக்கிறது, அந்தப் பன்னிரண்டு கட்டத்திலும் யாராவது குறுக்கே வரலாம். கதவைத் திறக்கலாமா?

பழைய ஆர்பிஜியின் கடினம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் கட்சி. போவது சிரமமில்லை, திரும்பி வருவதுதான் சிரமம். கையில் உள்ளதில் எவ்வளவை உள்ளே செலவழிக்கலாம், வழிச்செலவுக்கு எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும் என்ற கணக்குதான் விளையாட்டு. சண்டை அந்தக் கணக்கில் ஒரு வரி.

நீங்கள் மூன்று முறை செத்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முதல் சண்டையிலேயே செத்தீர்களா? அப்படியும் நடக்கும், விசார்ட்ரி அதற்கும் தயங்காது. ஆனால் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது சண்டையாகத்தான் இருக்கும். இரண்டாவது முடிந்தபோதே திரும்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றும். அந்தத் தோன்றல்தான் கொக்கி. பரமபதத்தில் தொண்ணூற்று சொச்சத்தில் பாம்பு கொத்தினால் கோபம் வருகிறது, வெட்கம் வருவதில்லை. உருண்டது தாயக்கட்டை, நாம் என்ன செய்தோம்? விசார்ட்ரியில் செத்தால் வெட்கமாக இருக்கும். பகடை இங்கேயும் உருள்கிறது, ஆனால் அந்த இடத்தில் போய் நின்றது நாம். அடுத்த முறை சரியாகச் செய்யலாம் என்ற எண்ணம் வெட்கத்திலிருந்து வருகிற மாதிரி கோபத்திலிருந்து வருவதில்லை.

சரி, விளையாட்டைச் செய்தவர்கள் அத்தோடு விட்டார்களா என்றால் இல்லை. குழு முழுக்கச் செத்தால் பிணங்கள் செத்த இடத்திலேயே கிடக்கும். மீட்க வேண்டுமென்றால் புதிதாக ஒரு குழுவை வளர்த்து அனுப்ப வேண்டும். குழுவில் ஆறு இடம்தான் என்பதால், மூன்று பிணத்தைத் தூக்கி வர மூன்று பேராகத்தான் போக முடியும். ஆறு பேர் செத்த இடத்துக்கு மூன்று பேர்! மேலே கொண்டுவந்தால் கோயிலில் காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். பலிக்காவிட்டால் ஆள் சாம்பல். சாம்பலுக்கு இன்னும் அதிகக் காசு கட்டி இன்னொரு முயற்சி. அதுவும் தவறினால் அந்த ஆள் நிரந்தரமாகப் போய்விட்டான். காசைத் திருப்பித் தரமாட்டார்கள். எல்லாமே உடனுக்குடன் ஃப்ளாப்பியில் எழுதப்பட்டுவிடும். சாவு பதிவாவதற்குள் டிரைவின் கதவைத் திறந்து டிஸ்க்கை உருவினவர்கள் உண்டு, வெளியே வந்ததும் டிஸ்க்குக்கு நகல் எடுத்து வைத்தவர்களும் உண்டு. ஏமாற்று வேலைதான். ஆனால் ஒரு விளையாட்டில் சாவைத் தடுக்க ஒருவன் நாற்காலியிலிருந்து எழுந்து பாய்கிறான் என்றால் அந்தச் சாவுக்கு எவ்வளவு எடை இருந்திருக்க வேண்டும்!

இந்தக் கொடுமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மேஜையிலிருந்து. 1974இல் அமெரிக்காவில் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேஜை விளையாட்டுதான் இவை எல்லாவற்றுக்கும் பாட்டன். அதில் விதிகள் கடுமை, ஆனால் நடத்துபவர் ஒரு மனிதர். எதிரே உட்கார்ந்திருக்கும் நண்பன் முகம் வாடினால் பகடையைத் திரைக்குப் பின்னால் கொஞ்சம் திருப்பி வைப்பார், அரக்கனுக்குத் திடீரென்று பயம் வரவழைப்பார். அடுத்த வருடமே, 1975இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி வலையில் மாணவர்கள் இதைக் கணினிக்குக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள். விதிகள் அப்படியே போயின, அந்த மனிதர் போகவில்லை. கருணை விட்டுப்போனதை யாரும் திட்டமிட்டிருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விட்டுப்போன பிறகு கிடைத்த சுவை வேறாக இருந்தது. யாரும் உங்களுக்காக விட்டுக்கொடுக்காத ஓர் உலகில் பிழைத்து வந்தால், பிழைத்தது நிஜம்.

அப்புறம் வரைபடம். மறுபதிப்பில் இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. அசல் விளையாட்டு வரைபடம் காட்டாது. கட்டம் போட்ட தாளில் நீங்களே வரைய வேண்டும். நான் ஒருமுறை மூலத்தை அப்படி ஆடிப் பார்த்தேன், கணக்கு நோட்டில். முதல் தளம் அழகாக வந்தது. கீழே ஓர் இடத்தில் சுவர் பொருந்தவில்லை. எங்கோ ஒரு கட்டம் தவறவிட்டிருக்கிறேன் என்று அழித்தேன், மறுபடி வரைந்தேன், மறுபடியும் பொருந்தவில்லை. தாள் கிழிகிற அளவுக்கு அழித்த பிறகுதான் புரிந்தது, அந்தக் கட்டத்தில் கால் வைத்தால் சத்தமில்லாமல் குழுவை வேறு திசைக்குத் திருப்பிவிடுகிறார்கள். வடக்கு என்று நினைத்து நான் கிழக்கே நடந்துகொண்டிருந்தேன். அன்று வந்த எரிச்சலையும், காரணம் பிடிபட்டபோது வந்த சந்தோஷத்தையும் பிரிக்கவே முடியவில்லை. அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. நூறு மணி நேரம் ஆடிய பல புதிய விளையாட்டுகளின் ஊர்ப்பெயர்கூட எனக்கு நினைவில்லை. அந்தத் தளத்தில் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன்.

ஆனால் விசார்ட்ரியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அளக்கக்கூடாது. ஜப்பானில் இதற்கு ரசிகராக இருந்த யூஜி ஹோரி என்பவர் 1986இல் ‘டிராகன் குவெஸ்ட்’ செய்தபோது, குழந்தைகளும் ஆட வேண்டும் என்று கடினத்தின் வடிவத்தையே மாற்றினார். என்னைக் கேட்டால், ஆர்பிஜி வரலாற்றிலேயே பெரிய கண்டுபிடிப்பு அதுதான். அதில் செத்தால் அரசர் முன்னால் எழுந்திருப்பீர்கள். ‘செத்துப்போவதெல்லாம் என்ன வேலை?’ என்கிற தோரணையில் ஒரு கண்டிப்பு. கையிலிருந்த காசில் பாதி போய்விடும். ஆனால் சண்டை போட்டுச் சேர்த்த, லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி ஒன்றுகூடக் குறையாது.

சின்ன மாற்றம் மாதிரி தெரியும். விளைவு பெரிது. தோற்றாலும் நேற்றைவிட இன்று கொஞ்சம் பலசாலிதான் என்றாகிவிட்டது. அதாவது கடினத்தை நேரமாக மாற்றிக்கொள்ளலாம். துணிச்சல்காரன் பத்தாவது லெவலில் போய் மோதுவான், நிதானமானவன் பதினைந்து வரை ஸ்லைம் என்ற சின்ன அரக்கர்களை அடித்துவிட்டுப் போவான். இரண்டு பேருக்கும் ஒரே விளையாட்டு, கடினம் மட்டும் அவரவர் அளவு. காண்ட்ராவில் இப்படிச் செய்ய வழியே இல்லை. அங்கே விரல் வரவில்லை என்றால் வரவில்லைதான். மெனுவில் ‘சுலபம், நடுத்தரம், கடினம்’ என்று கேட்கும் வழக்கம் பெரிதாக வருவதற்கு முன்பே, ஆர்பிஜி அதைக் கேட்காமலே செய்துகொண்டிருந்தது.

அதே விளையாட்டில் இன்னொரு அழகு. அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்றால், தண்ணீருக்கு அக்கரையில் கடைசி வில்லனின் கோட்டை தெரியும், ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே. கல்லெறிகிற தூரம்தான், ஆனால் போக முடியாது. உலகம் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் அங்கே போகலாம். வழியில் பாலங்கள் உண்டு. பாலம் தாண்டினால் அரக்கர்கள் சட்டென்று பலசாலி ஆகிவிடுவார்கள். ‘ஆபத்து’ என்று பலகை எதுவும் கிடையாது, பாலம்தான் பலகை. தாண்டிப் பார்த்து, ஒரே சண்டையில் பாதி உயிரை இழந்து, தலைதெறிக்கத் திரும்பி ஓடிவந்து, கொஞ்ச நாள் கழித்து அதே பாலத்தைச் சாவகாசமாகத் தாண்டும்போது ஒரு திருப்தி வரும் பாருங்கள். எளிதான விளையாட்டில் அது வரவே வராது, ஏனென்றால் அங்கே பயந்து ஓடிய அந்த முதல் நாள் இல்லை.

முதல் டிராகன் குவெஸ்ட்டில் சேவ் வசதியும் கிடையாது. அரசரிடம் போனால் இருபது எழுத்தில் ஒரு ‘உயிர்ப்பு மந்திரம்’ சொல்வார், எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதைத் தட்ட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அது ஐம்பத்திரண்டு எழுத்து வரை போனது. ஜப்பானிய எழுத்தில் சில பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிய சிறுவனுக்கு முந்தைய நாள் முழுக்கப் போச்சு. இதையும் சிலர் இனிய நினைவாகச் சொல்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. இது தொழில்நுட்பத்தின் போதாமை, அவ்வளவுதான். பழசு என்பதால் எல்லாவற்றுக்கும் மாலை போட வேண்டியதில்லை.

சொல்லப்போனால், பழைய கடினத்தில் நல்லது எது, வெறும் குப்பை எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில். 1987இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டஸி’ இதற்கு நல்ல உதாரணம், இரண்டும் ஒரே கேசட்டில் இருக்கின்றன.

குப்பையிலிருந்து ஆரம்பிப்போம். அதில் ‘புத்தி’ என்று ஓர் அளவு உண்டு. மந்திரவாதிக்கு அது கூடக்கூட மந்திரம் பலமாகும் என்று எல்லோரும் நம்பினார்கள். நிரலில் அது எதோடும் இணைக்கப்படவே இல்லை. பலம் கூட்ட வேண்டிய சில மந்திரங்கள் எதுவுமே செய்யாது. வாளின் துல்லியத் தாக்குதலுக்கான வாய்ப்பு என்று வைத்திருந்த எண்ணுக்குப் பதிலாக, பட்டியலில் அந்த வாளின் வரிசை எண்ணைப் போய்ப் படித்துக்கொண்டிருந்தது. நீங்கள் யோசித்து எடுத்த முடிவு பொய்யான தகவலின் மேல் நின்றது. இந்த மாதிரிக் கடினத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பின்னால் வந்த பதிப்புகளில் திருத்திவிட்டார்கள், நல்லதே.

ஆனால் அதே விளையாட்டில் சதுப்பு நிலக் குகை என்று ஓர் இடம் இருக்கிறது. விஷம் கக்கும் பிராணிகள் நிறைந்தது. பக்கத்து ஊர் என்று சொல்லும் ஊரே நல்ல தூரம். போகும் முன் விஷமுறிவு மருந்தும் உயிர் மருந்தும் வாங்கியாக வேண்டும், அந்த மூலப் பதிப்பில் ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும், கை வலிக்கும். குகைக்குள் சேவ் கிடையாது. அடியில் ஒரு கிரீடம், காவலுக்குக் கும்பல். அடித்து வீழ்த்திக் கிரீடத்தை எடுத்துவிட்டீர்கள். வெற்றி இசை முடிந்து திரை திரும்புகிறது, நீங்கள் இன்னும் குகையின் அடியில்தான் நிற்கிறீர்கள். வெளியே தூக்கிப் போடும் மந்திரம் அந்தக் கட்டத்தில் கைக்கு வந்திருக்காது. மருந்து மூன்று மிச்சம். ஒருவன் விஷத்தோடு நடக்கிறான். இனிதான் ஆட்டமே.

பல புதிய விளையாட்டுகளில் பாஸ் எனப்படும் பெரிய எதிரி விழுந்ததும் வாசலுக்கு ஒரு குறுக்கு வழி திறக்கும். வசதிதான், நானும் நன்றியோடு பயன்படுத்துகிறேன். ஆனால் சதுப்பு நிலக் குகையிலிருந்து தள்ளாடி வெளியே வந்து, கூடாரம் விரித்துச் சேவ் செய்த அந்த நொடியில் விட்ட பெருமூச்சைக் குறுக்கு வழி எனக்குத் தந்ததில்லை.

அந்த ஃபைனல் ஃபேன்டஸியில் இன்னொரு விஷயம் விவாதத்துக்குரியது. இரண்டு பேரை ஒரே எதிரியை வெட்டச் சொல்லி, முதல் வெட்டிலேயே அவன் விழுந்துவிட்டால், இரண்டாமவன் காற்றை வெட்டுவான். பின்வந்த பதிப்புகளில் தானாக அடுத்த எதிரிக்கு மாறிவிடும். பழைய முறை முட்டாள்தனம் என்று பலர் சொல்கிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. காற்றை வெட்டும் பயம் இருந்ததால்தான், இந்த எதிரிக்கு எவ்வளவு உயிர், என் ஆள் எவ்வளவு அடிப்பான் என்று மனக்கணக்குப் போட்டேன். பயம் போனதும் கணக்கும் போய்விட்டது, வெறும் பொத்தான் அழுத்தல் ஆகிவிட்டது.

ஜப்பானில் கடினத்துக்குப் பேர்போன இடம் என்றால் 1987இல் வந்த டிராகன் குவெஸ்ட் இரண்டாம் பாகத்தில் கடைசிப் பகுதிக்குப் போகும் மலைக்குகை. தரையில் கண்ணுக்குத் தெரியாத பொறிக்குழிகள். விழுந்தால் கீழ்த்தளம், மறுபடி ஏற வேண்டும். ஒரு தளத்தில் தவறான பக்கம் திரும்பினால் அதே இடத்துக்கே வந்துகொண்டிருப்பீர்கள். எல்லாம் தாண்டி வெளியே வந்தால் வெள்ளைப் பனிவெளி. அப்பாடா என்பதற்குள், மொத்தக் குழுவையும் ஒரே மந்திரத்தில் சாகடிக்கக்கூடியவர்கள் அங்கே காத்திருப்பார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு சிறு கோயில், அங்கே போய்ச் சேர்ந்தால் பிழைத்தீர்கள். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஒரே மந்திரத்தில் எல்லோரும் சாவதற்கு என்ன தயாரிப்பு செய்துவிட முடியும்? ஆனாலும் அந்தப் பனிவெளியைப் பற்றி ஜப்பானிய ரசிகர்கள் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் சந்தேகப் பேர்வழி ஆகிவிடுகிறேன். பேசுகிறவர்கள் எல்லாம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். பாதியில் மூடிவைத்தவர்கள் நினைவுக் குறிப்பு எழுதுவதில்லை. பழைய கடினத்தின் புகழில் இந்தக் கணக்குப் பிசகு எப்போதும் இருக்கும், என் பேச்சிலும் இருக்கும்.

மேற்கத்தியக் கணினி ஆர்பிஜிகள் வேறு திசையில் போயின. 1985இல் வந்த ‘பார்ட்ஸ் டேல்’ விளையாட்டில் ஒரு கோட்டைக்குள் தொண்ணூற்றொன்பது வெறியர்கள் கொண்ட கூட்டம் நான்கு ஒரே சமயத்தில் எதிரே வரும், மொத்தம் 396 பேர். முதலில் கொலைக்களம். ஊரையே அடிக்கும் மந்திரம் கைக்கு வந்த பிறகு அதே 396 பேரையும் திரும்பத் திரும்ப அடித்து அனுபவப் புள்ளி அள்ளுவதை ஒரு தொழிற்சாலை மாதிரி நடத்தினார்கள் ஆட்டக்காரர்கள். கடினமான விளையாட்டை உடைக்கும் வழியைக் கண்டுபிடிப்பதும் அதன் சுகத்தில் ஒரு பங்குதான்.

1998இல் வந்த ‘பால்டர்ஸ் கேட்’ எங்கே வேண்டுமானாலும் சேவ் செய்யவிட்டது. அதனால் திரும்பி வருகிற பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு சண்டையும் ஒரு புதிராக மாறியது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், எல்லோரும் போகச் சொல்லும் விடுதியின் படிக்கட்டில் டார்னெஷ் என்று ஒரு மந்திரவாதி நிற்பான். நல்லபடியாகத்தான் பேச ஆரம்பிப்பான். பிறகு தன்னைச் சுற்றி நகல் உருவங்களை உண்டாக்கிக்கொண்டு, உங்கள் ஆட்களைப் பயத்தில் திசைக்கொருவராக ஓடவிட்டு, மந்திர அம்பால் கொல்வான். முதல் லெவல் குழுவுக்கு அவன் யமன். நாலு முறை செத்த பிறகு ஒன்று தெரிந்தது: மந்திரம் ஓதிக்கொண்டிருக்கும்போது அடிபட்டால் ஓதல் கலைந்துவிடும். கூட வரும் இமோயனிடம் ஒரு மந்திரக்கோல் இருக்கிறது, அதை முதல் நொடியிலேயே எடுக்க வேண்டும். ஐந்தாவது முறை அவன் வாயைத் திறக்கவே விடவில்லை. என் குழுவின் லெவல் அப்போதும் ஒன்றுதான், மாறியது நான்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆர்பிஜியில் இரண்டு வளர்ச்சி நடக்கிறது. திரையில் எண்கள் வளர்கின்றன, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் வளர்கிறார். எளிதான ஆர்பிஜியில் முதலாவது மட்டும் நடக்கும். ஐம்பதாவது லெவலில் நிற்பான் கதாநாயகன், ஆட்டுகிறவருக்கு முதல் நாள் தெரிந்ததற்கு மேல் ஒன்றும் தெரிந்திருக்காது. எண் ஏறுவதே போதை தருகிறது என்பதால் அதுவும் விற்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதல் லெவலில் தொடங்கச் சொன்னால் வித்தியாசம் தெரியும். விசார்ட்ரியில் குழு அழிந்து புதிதாகத் தொடங்குகிறவர், முன்பு வாரம் பிடித்த இடத்தை ஒரே மாலையில் எட்டுவார். எண்கள் பூஜ்யத்துக்குப் போய்விட்டன, அவர் போகவில்லை. 2003இல் வந்த ‘ஷின் மெகாமி டென்செய்’ மூன்றாம் பாகத்தின் மாட்டடார் என்ற பாஸைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். அதுவரை அடிப்பது மட்டுமே தெரிந்தவர்கள், அவனிடம் உதை வாங்கித்தான் எதிரியின் வேகத்தைக் குறைப்பதும் நம் பலத்தைக் கூட்டுவதும் எதற்கு என்று கற்றிருப்பார்கள்.

இதையே கடினத்துக்காகக் கடினம் என்று இழுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கும் விசார்ட்ரியே சாட்சி. 1987இல் வந்த நான்காம் பாகத்தில் நீங்கள்தான் வில்லன் வெர்ட்னா. ஆரம்பிக்கும் அறைக்குக் கதவே தெரியாது. பூசாரிகளை வரவழைத்து அவர்கள் போடும் வெளிச்ச மந்திரத்தில்தான் கதவு கண்ணுக்குத் தெரியும். இதைக் கண்டுபிடிக்காதவர்கள் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டில் ஓர் அறையை மட்டும் பார்த்தார்கள். போதாததற்கு நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையும் கணக்கில் ஏறும், டிரெபோரின் ஆவி துரத்திக்கொண்டே வரும். முந்தைய பாகங்களைக் கரைத்துக் குடித்தவர்களுக்காகவே செய்தது. விற்பனையில் சோபிக்கவில்லை, ஆச்சரியமும் இல்லை. கடினம் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டுப் பரீட்சை மட்டும் வைத்தால் அப்படித்தான்.

இன்றைய காலத்துக்கு வந்தால், அந்தப் பழைய கணக்கு வேறு உடை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. 1994இல் ‘கிங்ஸ் ஃபீல்ட்’ என்று இருட்டு நிலவறை விளையாட்டு செய்த ஜப்பானிய நிறுவனம் ஃப்ரம்சாஃப்ட்வேர். 2009இல் ஹிடெடாகா மியாசாகி இயக்கத்தில் அதே நிறுவனம் ‘டீமன்ஸ் சோல்ஸ்’ கொண்டுவந்தது. அதில் விரல் வேகமும் வேண்டும்தான். ஆனால் அடியில் ஓடுவது என்ன? எதிரிகளைக் கொன்று சேர்த்த ஆன்மாக்கள் உங்கள் கையில் இருக்கின்றன. செத்தால் அவை செத்த இடத்தில் கிடக்கும். போய் எடுக்கும் முன் இன்னொரு முறை செத்தால் போயே போச்சு. கையில் நிறையச் சேர்ந்துவிட்டது, மருந்து ஒன்றுதான் மிச்சம், முன்னால் பனிமூட்டத்தில் ஒரு வாசல். இன்னும் கொஞ்சம் போகலாமா, திரும்பிவிடலாமா? 1981இன் அதே கேள்வி. அந்த வழியில் வந்த ‘எல்டன் ரிங்’ 2022இல் வெளியாகி ஓராண்டுக்குள் இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் போனது. வேறு கதியில்லாமல் பொறுத்துக்கொண்டவர்கள் இரண்டு கோடிப் பேர் இருக்க முடியாது.

அதற்காக எல்லோரும் இப்படித்தான் ஆட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு முக்கால் மணி நேரம் கிடைக்கிறவருக்கு அந்த முக்கால் மணியையும் பிடுங்கிக்கொள்ளும் விளையாட்டு சித்திரவதைதான். 2024இல் புதுப்பித்து வந்த டிராகன் குவெஸ்ட் மூன்றாம் பாகத்தில் குழு சாகவே சாகாத ஒரு சுலப நிலை வைத்திருக்கிறார்கள். கதைக்காக ஆடுகிறவர்களுக்கு அது போதும். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மறுபதிப்பில் பழைய கடுமைகளில் சிலவற்றை அணைத்துவைக்கும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது, வேண்டியதை அணைத்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் சாவை மட்டும் விட்டுவையுங்கள். குழுவில் மூன்று பேர் முன்வரிசையில் நல்ல கவசத்தோடு நிற்கட்டும், எல்லோர் காசையும் ஒன்றாகச் சேர்த்து அவர்களுக்கே செலவழியுங்கள். விடுதியில் காசு கொடுத்து அறை எடுக்காதீர்கள், குதிரை லாயத்தில் இலவசமாகப் படுத்தாலே மந்திரங்கள் திரும்பிவிடும். பூசாரியை வைத்துக் காயம் ஆற்றிவிட்டு மறுபடி லாயத்திலேயே படுத்து எழுந்திருங்கள். முதல் இரண்டு மணி நேரம் படிக்கட்டிலிருந்து பத்துக் கட்டத்துக்கு மேல் போகவே வேண்டாம். ஒரு சண்டை, திரும்பு, தூங்கு. இன்னொரு சண்டை, திரும்பு, தூங்கு. மூன்றாவது லெவல் வந்ததும் அந்த நிலவறை வேறு இடமாகத் தெரியும்.

இன்னொன்று. ஒரு கட்டினோ மிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடுங்கள். அது வழிச்செலவுக்கு.